பைபோலார் டிப்ரஷனுக்கு எந்த மருந்து? குவெட்டியாபின், லித்தியம், லாமோட்ரிஜின் மற்றும் சில: ஓர் ஒப்பீட்டு அலசல்

மனநிலை ஒரு காலம் மிதமிஞ்சி ஏறியும் ஒரு காலம் ஆழமாக இறங்கியும் போகிற நோய் பைபோலார். அதன் பெயரைச் சொன்னதும் வீட்டார் மனதில் நிற்பது மேனியா என்ற அந்த ஏற்றம்தான். தூங்காமல் விடிய விடியப் பேசியது, சேமிப்பையெல்லாம் கரைத்தது, நடுராத்திரியில் யாரிடமோ சண்டைக்குக் கிளம்பியது எல்லாம் தெருவுக்கே தெரிந்த கதை. ஆனால் நோயாளியின் ஆயுளைத் தின்பது டிப்ரஷன். அமெரிக்காவில் லூயிஸ் ஜட் குழுவினர் பைபோலார் 1 வகை (முழு மேனியா வரும் வகை) நோயாளிகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வாரவாரியாகக் கணக்கெடுத்து 2002-இல் வெளியிட்டார்கள். மொத்த வாரங்களில் 32 சதவீதம் டிப்ரஷன் அறிகுறிகளோடு கழிந்திருந்தது. மேனியாவும் அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியாவும் சேர்ந்தே 9 சதவீதம்தான். ஹைப்போமேனியாவோடு நின்றுவிடும் பைபோலார் 2 வகைக்கு அடுத்த ஆண்டு வந்த கணக்கில் டிப்ரஷன் மட்டும் பாதி வாரங்களைப் பிடித்திருந்தது.

இந்த டிப்ரஷனைச் சாதாரண டிப்ரஷன் மாதிரி நினைத்து எஸ்சிட்டலோப்ராம் போன்ற ஒரு டிப்ரஷன் மாத்திரையை (ஆன்டிடிப்ரசன்ட்) எழுதிக் கொடுத்து அனுப்பிவிட முடியாது. மனநிலை மேலே தூக்கிக்கொண்டு மேனியாவுக்குப் போய்விடும் அபாயம் உண்டு. அதனால்தான் இதற்கு மருந்து தேர்வு செய்வது மனநல மருத்துவத்தின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. என் அக்கா பைபோலார் 2 நோயாளி. அவளோடு இந்த மருந்துகளில் பலவற்றைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், ஆய்வுகளையும் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது நான் பார்ப்பவை நான்கு. எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது, மேனியாவைக் கிளப்புமா, உடம்புக்கு என்ன செய்கிறது, அடுத்த டிப்ரஷன் வராமல் தடுக்குமா. இந்த நான்கிலும் ஒருசேர ஜெயிக்கிற மருந்து இன்றுவரை இல்லை. முதல் கேள்வியில் முந்துவது கடைசிக் கேள்வியிலோ மூன்றாவதிலோ பின்தங்கும். டாக்டரிடம் பேச வேண்டியதும் இதைத்தான்.

சீக்கிரம் கேட்பவை: குவெட்டியாபின், லுராசிடோன்

வேகம் என்றால் குவெட்டியாபின். 2005-லும் 2006-லும் வந்த போல்டர் ஆய்வுகள் இரண்டும் இதன் அஸ்திவாரம். முதல் ஆய்வில் எட்டு வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் சுமார் 58 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் மதிப்பெண் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 36 சதவீதம். முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. பைபோலார் 1, 2 இரு வகையினரும் அந்த ஆய்வில் இருந்தார்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று: 300 மி.கி. எடுத்தவர்களுக்கும் 600 மி.கி. எடுத்தவர்களுக்கும் பலனில் வித்தியாசமே இல்லை. ஆகவே டிப்ரஷனுக்காக மட்டும் 600 வரை ஏற்றும் யோசனை வந்தால், ஏன் என்று கேட்பதில் தப்பில்லை.

தூக்கம் கெட்டு, பதற்றத்தில் கை பிசைந்துகொண்டிருப்பவருக்கு இது முதல் ராத்திரியே ஓர் ஆறுதல். ஆனால் மறுநாள் காலை என்று ஒன்று இருக்கிறதே. பத்து மணி வரை கண் திறக்காது, எழுந்தால் தலை கிறுகிறுக்கும், நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். மாத்திரையை ராத்திரி பதினொன்றுக்குப் போடாமல் எட்டரைக்கே போட்டதில்தான் அக்காவால் வேலைக்குக் கிளம்ப முடிந்தது. டாக்டரைக் கேட்டு நேரத்தை மாற்றிப் பார்ப்பது சின்ன விஷயம்தான், ஆனால் மருந்தை விட்டுவிடாமல் இருக்க அதுவே போதுமாக இருந்தது. பெரிய விலை எடையும் சர்க்கரையும். அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை இருக்கிற வீட்டில் குவெட்டியாபின் தொடங்கினால், தொடங்கும் முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் எடுத்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாதம் ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கணக்கு இல்லாமல் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

இதற்கு நேர் போட்டி லுராசிடோன். அமெரிக்காவில் 2013-இல் பைபோலார் டிப்ரஷனுக்கு அனுமதி கிடைத்தது. ஆறு வார ஆய்வில் 50 சதவீதத்துக்குச் சற்று மேலானவர்களுக்குக் கேட்டது, வெற்று மாத்திரையில் 30 சதவீதம். எடையும் சர்க்கரையும் பெரிதாக ஏறுவதில்லை, பகல் மயக்கமும் குறைவு. சர்க்கரை வரக்கூடிய உடம்புக்கு நான் குவெட்டியாபினுக்கு முன்னால் இதைப் பற்றிக் கேட்பேன். ஆனால் அந்த ஆய்வு பைபோலார் 1 வகையினரிடம் மட்டும் நடந்தது. பைபோலார் 2-க்கு ஆதாரம் அந்த அளவு திடமாக இல்லை.

லுராசிடோனுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. குறைந்தது 350 கலோரி உணவோடு எடுத்தால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். வெறும் வயிற்றில் போட்டால் பாதி மருந்து வீண். டிப்ரஷனில் இருப்பவர் ராத்திரி ரெண்டு இட்லியை மட்டும் கொறித்துவிட்டு மாத்திரை போட்டால் அந்த அளவு வராது. "மாத்திரை ஒழுங்காத்தான் போடறேன், கேட்கவே இல்லை" என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என்ன சாப்பிட்டுப் போட்டீர்கள் என்பது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு லுராசிடோன் கூடவே கூடாது, ரத்தத்தில் அதன் அளவு அடியோடு விழுந்துவிடும். கால் ஓரிடத்தில் நிற்காமல் உள்ளுக்குள் ஒரு பரபரப்பு வரும் அகாதிசியா என்ற பக்கவிளைவும் இதில் குவெட்டியாபினைவிட அதிகம். அதை "பதற்றம் கூடிவிட்டது" என்று தவறாகப் புரிந்துகொள்வது சுலபம். மருந்து தொடங்கிய பின் வந்த பரபரப்பா, முன்பே இருந்ததா என்று டாக்டருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஓலான்சபின், ஃபுளுவாக்செட்டின் கூட்டுக்குத்தான் அமெரிக்காவில் முதல் அனுமதி, 2003-இல். கேட்கும், சந்தேகமில்லை. ஆனால் எடை ஏறுவதில் இந்தப் பட்டியலிலேயே மோசமானது ஓலான்சபின். வேறு வழி இருக்கும்போது நீண்ட காலத்துக்கு இதில் இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. கேரிப்ரசினுக்கு 2019-லும் லுமாட்டெபெரோனுக்கு 2021-லும் அனுமதி வந்தது. இரண்டுமே எடையில் நல்ல பிள்ளைகள். லுமாட்டெபெரோன் பைபோலார் 2-லும் சோதிக்கப்பட்டது என்பது அதன் பலம்.

மெதுவாக வந்து நின்று காப்பது: லாமோட்ரிஜின்

லாமோட்ரிஜின் வேறு ஜாதி. இன்றைக்குத் தொடங்கினால் முழு அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50, ஐந்தாம் வாரம் 100, அதன் பிறகு வழக்கமாக 200. கூடவே வால்ப்ரோவேட் இருந்தால் இது பாதியாகக் குறையும், கார்பமாசபின் இருந்தால் கூடும். இந்தப் பொறுமைக்குக் காரணம் தோல். வேகமாக ஏற்றினால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற, தோலும் வாயும் கண்ணும் வெந்து உரிகிற ஆபத்தான ஒவ்வாமை வரலாம். பெரியவர்களில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் வரும், வந்தால் உயிருக்கே ஆபத்து. முதல் இரண்டு மாதத்தில் எந்தத் தடிப்பு வந்தாலும், காய்ச்சலோ வாய்ப்புண்ணோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. ஊருக்குப் போனபோது மாத்திரை தீர்ந்து ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால், திரும்பி வந்து 200-இல் தொடரக் கூடாது. மறுபடி 25-இலிருந்துதான் ஏற வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ஆகவே அதைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மனநல டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

டிப்ரஷனில் மூழ்கிக் கிடக்கும்போது இது கேட்குமா? தனித்தனியாக நடந்த ஐந்து ஆய்வுகளும் ஏமாற்றின. ஐந்தையும் சேர்த்து 2009-இல் கெட்டெஸ் குழுவினர் கணக்கிட்டபோது சுமாரான பலன் தெரிந்தது, தீவிர டிப்ரஷனில் சற்று அதிகமாக. ஆனால் அடுத்த டிப்ரஷனைத் தள்ளிப்போடுவதில் இதற்கு நல்ல பெயர். எடை ஏற்றாது, தூங்கி வழியச் செய்யாது, மூளையை மந்தமாக்காது. மேனியாவைத் தடுப்பதில் மட்டும் பலவீனம். அதனால் பைபோலார் 2-க்கு இது இயல்பான துணை. பைபோலார் 1-இல் கூடவே மேனியாவைப் பிடிக்க இன்னொன்று தேவைப்படும். 2016-இல் வந்த சீக்வெல் ஆய்வில் குவெட்டியாபினோடு லாமோட்ரிஜின் சேர்த்தவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். ஆனால் ஃபோலிக் அமிலமும் எடுத்தவர்களிடம் அந்தப் பலன் காணாமல் போனது. ஏன் என்று இன்னும் விளங்கவில்லை. சத்து மாத்திரை என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுவதைக்கூட டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. கர்ப்பிணிகள் மட்டும் தாமாக ஃபோலிக் அமிலத்தை நிறுத்திவிடக் கூடாது.

லித்தியம்: பயந்து ஒதுக்கப்படும் மருந்து

1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் முதலில் எழுதியதிலிருந்து இன்றுவரை பைபோலார் நோயின் நீண்ட காலக் காவலுக்கு லித்தியத்தை மிஞ்சிய ஒன்று வரவில்லை. இருந்தும் வருடாவருடம் இதை எழுதுவது குறைந்துகொண்டே வருகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

முதலில் இதன் பலவீனம். இன்று இருக்கும் டிப்ரஷனை உடனே தூக்குவதில் லித்தியம் சுமார். எம்போல்டன் ஆய்வில் குவெட்டியாபின் எட்டு வாரத்தில் நன்றாகக் கேட்டது, லித்தியம் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. அந்த ஆய்வில் ரத்தத்தில் லித்தியத்தின் சராசரி அளவு 0.6 அருகில்தான் இருந்தது, இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் எப்படியோ என்ற வாதம் உண்டு. ஆனால் அதை வைத்து வேகப் போட்டியில் லித்தியத்துக்கு இடம் கொடுக்க முடியாது.

அதன் இடம் வேறு. மேனியா, டிப்ரஷன் இரண்டையும் மறுபடி வராமல் தடுப்பது, அதைவிட முக்கியமாகத் தற்கொலை. 2013-இல் சிப்ரியானி குழுவினர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது லித்தியம் எடுத்தவர்களில் தற்கொலைச் சாவுகள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தன. பின்னர் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை, பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் பலருக்கு வேறு பல பிரச்சினைகளும் இருந்தன, ரத்த அளவும் தாழ்வாகவே இருந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தாலும், ஏற்கெனவே ஒருமுறை உயிரை மாய்க்க முயன்ற பைபோலார் நோயாளிக்கு லித்தியத்தைப் பற்றிப் பேசாமலே விடுவது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

பயம் எல்லாம் ரத்தப் பரிசோதனையிலும் கிட்னியிலும்தான். பயம் நியாயமானது, ஆனால் சமாளிக்கக்கூடியது. ரத்தத்தில் 0.6-லிருந்து 1.0-க்குள் இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் விஷம். கை கடகடவென நடுங்கும், நாக்கு குழறும், நடை தள்ளாடும், வாந்தி பேதி வரும். அப்படியென்றால் நேரே எமர்ஜென்சிக்கு. பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரை போட்டுச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரத்தில் இருக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு லேப்பில் இருக்க வேண்டும், காலை மாத்திரையைப் பையில் எடுத்துப் போய் ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். அக்கா ஒருமுறை காலையிலேயே போட்டுவிட்டுப் போனதில் அளவு ஏறிக் காட்டி, எல்லாரும் பதறி, டோஸைக் குறைத்து, பிறகு காரணம் தெரிந்து மறுபடி ஏற்றினார்கள். லேப்பில் யாரும் கேட்கமாட்டார்கள். நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே கிட்னிக்கான கிரியேட்டினின், தைராய்டு, கால்சியம் பரிசோதனைகளும்.

நம் ஊரில் லித்தியத்துக்கு மூன்று எதிரிகள். ஒன்று வலி மாத்திரை. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாமே லித்தியத்தை ஏற்றும். பாராசிட்டமால் மட்டும் தனியாக என்றால் பயமில்லை. இரண்டாவது பி.பி. மாத்திரை. டெல்மிசார்டான் போன்றவை ஏற்றும், அதோடு நீர் மாத்திரை சேர்ந்த வகை இன்னும் ஏற்றும். பி.பி. டாக்டர் "உப்பைக் குறைங்க" என்று சொல்லித் திடீரென உப்பை நிறுத்தினாலும் ஏறும். மூன்றாவது வெயில். அக்னி நட்சத்திரத்தில் வியர்த்துக் கொட்டித் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, வாந்தி பேதி கண்டாலோ அளவு ஏறிவிடும். அந்த நாட்களில் டாக்டரிடம் போனிலாவது கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் வீட்டில் ஒருவர் கவனிக்க முடியும் என்றால், விலை மலிவான, இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற லித்தியத்தைவிட நல்ல காவல் கிடைப்பது அரிது.

வால்ப்ரோவேட், சுருக்கமாக

மேனியாவுக்கு நல்லது, டிப்ரஷனுக்கு ஆதாரம் மெலிது. கர்ப்பத்தில் இதை எடுத்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியில், படிப்பில் பாதிப்பு. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு, வேறு எதுவும் கேட்காத நிலை வந்தாலொழிய, இதைத் தொடங்கவே கூடாது. கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் வீட்டில் நோயையே மறைத்து வைப்பதால் இந்தப் பேச்சும் சேர்ந்து மறைகிறது. அதற்கான விலையைக் கொடுப்பது பிறக்கும் குழந்தை.

ஆன்டிடிப்ரசன்ட்: வேண்டுமா, வேண்டாமா?

டாக்டர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடும் இடம் இது. 2007-இல் அமெரிக்காவின் ஸ்டெப்-பிடி ஆய்வில் 366 பேருக்கு மூட் ஸ்டெபிலைசரோடு (மனநிலையை நிலையாக வைக்கும் லித்தியம் போன்ற மருந்து) பாதிப் பேருக்கு ஆன்டிடிப்ரசன்டும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். நிலையாகத் தேறியவர்கள் 23.5 சதவீதம், 27.3 சதவீதம். வெற்று மாத்திரைக்காரர்கள்தான் ஒரு படி மேலே, ஆனால் அந்த வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதல்ல. அதே நேரம் மேனியாவுக்குத் திரும்பியவர்களும் இரு பக்கமும் சமம். அதாவது ஸ்டெபிலைசரோடு சேர்த்தால் பெரிய ஆபத்தும் இல்லை, பெரிய பலனும் இல்லை.

2014-இல் ஸ்வீடன் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது. ஆன்டிடிப்ரசன்ட்டைத் தனியாக எடுத்தவர்களுக்கு மேனியா அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஸ்டெபிலைசரோடு எடுத்தவர்களுக்குத் தொடக்க மாதங்களில் அப்படி ஏறவில்லை. 2023-இல் கனடா, தென் கொரியா, இந்தியா மூன்று நாடுகளில் நடந்த ஆய்வு வேறொரு கேள்வியைக் கேட்டது. ஆன்டிடிப்ரசன்ட்டால் தேறிய பைபோலார் 1 நோயாளிகள் அதை எட்டு வாரத்தில் நிறுத்துவதா, ஓராண்டு தொடர்வதா? தொடர்ந்தவர்களில் 31 சதவீதத்துக்கும் நிறுத்தியவர்களில் 46 சதவீதத்துக்கும் நோய் திரும்பியது. ஆய்வின் முதன்மைக் கணக்கில் இந்த வித்தியாசம் உறுதியாகவில்லை. ஆனால் டிப்ரஷன் மட்டும் பார்த்தால் தொடர்ந்தவர்களில் 17 சதவீதம், நிறுத்தியவர்களில் 40. மேனியா பக்கம் தொடர்ந்தவர்களில் 12, நிறுத்தியவர்களில் 6.

இவற்றை வைத்து நான் எடுத்திருக்கும் நிலை இது. பைபோலார் 1-இல் தனியாக ஒருபோதும் வேண்டாம். ஸ்டெபிலைசரோடு சேர்த்து ஏற்கெனவே நன்றாகக் கேட்டவருக்கு, "பைபோலாருக்கு இது ஆகாது" என்ற பொது விதியைச் சொல்லி அவசரமாகப் பிடுங்கவும் வேண்டாம். வென்லாஃபாக்சினும் பழைய ட்ரைசைக்ளிக் வகைகளும் மனநிலையைத் தூக்கிவிடுவதில் மற்றவற்றைவிட மோசம். எரிச்சலும் வேகமும் சோகமும் கலந்த நிலையில் இருப்பவருக்கு எந்த ஆன்டிடிப்ரசன்டும் தீயில் எண்ணெய்தான்.

ஈசிடி

ஈசிடி என்பது மின்னதிர்வு சிகிச்சை. ஷாக் ட்ரீட்மென்ட் என்றதும் சினிமாவில் பார்த்த காட்சி நினைவுக்கு வந்து வீட்டார் எழுந்து போய்விடுகிறார்கள். இப்போது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தே செய்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவை இல்லாமல் செய்வதைத் தடை செய்திருக்கிறது. நார்வேயில் மருந்துகளுக்கு அசையாத பைபோலார் டிப்ரஷன் நோயாளிகளிடம் ஈசிடியையும் மருந்து மாற்றுவதையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டார்கள். ஈசிடியில் 74 சதவீதத்தினருக்குக் கேட்டது, மருந்தில் 35. முழுக்கக் குணமானவர்கள் என்று எண்ணினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அந்த நாட்களை ஒட்டிய நினைவுகள் சில அழிந்துபோகும், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல், பேசாமல் கிடப்பவருக்கும், சாவைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவருக்கும் மருந்து ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது. அங்கே ஈசிடிதான் முதலில். அப்படி ஒரு ராத்திரியில் கையில் வேறு ஆளில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழிலும் பேசலாம்.

பேச்சு சிகிச்சை

மருந்துக்குப் பதிலாக இல்லை, மருந்தோடு. ஸ்டெப்-பிடியின் இன்னொரு பகுதியில் தீவிரமான பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் ஓராண்டுக்குள் தேறினார்கள், சுருக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 52. அதே திட்டத்தில் ஆன்டிடிப்ரசன்ட் சேர்த்துக் கிடைக்காத பலன் இங்கே கிடைத்தது. இது ஏன் இவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறது என்று ஆதங்கமாக இருக்கிறது. குடும்பத்தையும் உட்கார வைத்துச் செய்யும் முறை நம் வீடுகளுக்கு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் "சோம்பேறித்தனம்" என்று திட்டுவதும் ஒரே ஆளாக இருக்கும். எழும் நேரம், சாப்பாட்டு நேரம், படுக்கும் நேரம் மூன்றையும் நிலைப்படுத்தும் முறைக்கும் ஆதாரம் உண்டு. நைட் ஷிஃப்ட் மாறி மாறி வரும் வேலையில் இருப்பவருக்கு டாக்டர் எழுதும் ஒரு கடிதம் சில சமயம் இன்னொரு மாத்திரையைவிட உதவும்.

யாருக்கு எது?

தூக்கமில்லாமல் பதறிக்கொண்டிருப்பவர், உடனே தேற வேண்டும், சர்க்கரை பயம் இல்லை: குவெட்டியாபின் 300. சர்க்கரை வாசலில் நிற்கிறது, பைபோலார் 1, ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுவார்: லுராசிடோன். பைபோலார் 2, அடிக்கடி டிப்ரஷன், கொஞ்சம் காத்திருக்க முடியும்: லாமோட்ரிஜின், வேண்டுமானால் அது ஏறும்வரை குவெட்டியாபின் கூட. குடும்பத்தில் லித்தியத்தால் தேறியவர் உண்டு, தற்கொலை முயற்சி நடந்திருக்கிறது, கிட்னி நன்றாக இருக்கிறது: லித்தியம் அடியில் இருக்கட்டும், மேலே வேகமான ஒன்று. அக்காவுக்கு இப்போது லித்தியமும் லாமோட்ரிஜினும். குவெட்டியாபின் அவளைத் தூக்கிவிட்டது, பிறகு மெல்ல மெல்லக் குறைத்து எடுத்துவிட்டார்கள்.

தேறிய பிறகு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் ஆபத்து. லித்தியத்தைத் திடீரென விட்டால் மேனியா பாய்ந்து திரும்பும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாக, டாக்டர் பார்வையில் குறைக்க வேண்டும். அந்த மாதங்களில் தூக்கம் எத்தனை மணி நேரம் என்று தினமும் ஒரு டைரியில் எழுதி வையுங்கள். திரும்பி வரும் மேனியா பெரும்பாலும் முதலில் கை வைப்பது தூக்கத்தில்தான்.